ஸ்காட்லாந்து கவுன்சில்கள் குடும்பக் கற்றலையும் வளர்ந்தோர் கற்றலையும் எப்படித் திட்டமிடுகின்றன, எப்படி மதிப்பிடுகின்றன: முழுமையான வழிகாட்டி

ஸ்காட்லாந்தின் உள்ளாட்சி அமைப்புகளான 32 கவுன்சில்களும் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஒரு திட்டத்தை ஊரறிய வெளியிட்டாக வேண்டும். பள்ளி வகுப்பறைக்கு வெளியே தங்கள் பகுதி மக்கள் கற்பதற்கு என்ன வழி செய்யப்போகிறோம் என்பதைச் சொல்லும் திட்டம் அது. பிள்ளையோடு சேர்ந்து பெற்றோரும் கற்கும் குடும்பக் கற்றல், எழுதப் படிக்கத் தடுமாறும் பெரியவர்களுக்கான வகுப்பு, புதிதாகக் குடியேறியவர்களுக்கான ஆங்கிலம், இளைஞர் பணி, ஊர்க் குழுக்களை வலுப்படுத்துவது எல்லாம் இதில் அடங்கும். மொத்தத்துக்கும் ‘சமூகக் கற்றலும் மேம்பாடும்’ என்று பெயர். அலுவலகப் பேச்சில் சி.எல்.டி.

1980ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்துக் கல்விச் சட்டத்தின் கீழ் 2013இல் வந்த ஒழுங்குவிதிகள்தான் இந்தக் கடமையைச் சுமத்தின. முதல் திட்டங்கள் 2015 செப்டம்பர் 1க்குள் வெளியாக வேண்டும் என்று அவை கெடு வைத்தன. இப்போது நடப்பில் இருப்பது 2024–27 திட்டம். கவுன்சிலில் இந்தப் பணியில் இருப்பவர்கள், திட்டத்துக்குத் தங்கள் பங்கை எழுதித் தரச் சொல்லிக் கேட்கப்படும் தொண்டு அமைப்புகள், தன் ஊர்த் திட்டத்தைப் படித்துக் கேள்வி கேட்க விரும்பும் குடிமக்கள் என்று மூன்று தரப்பாரையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். இளைஞர் பணியைத் தொடாமல், குடும்பக் கற்றலோடும் பெரியவர்களின் கற்றலோடும் நிறுத்திக்கொள்கிறேன்.

தொடங்கும் முன்: சட்டம் கேட்கும் நான்கு

திட்டத்தில் நான்கு விஷயங்கள் இருந்தே ஆக வேண்டும். மற்ற அமைப்புகளோடு கவுன்சில் எப்படி ஒருங்கிணைந்து செயல்படும் என்பது ஒன்று. கவுன்சில் தானே என்ன செய்யும் என்பது இரண்டு. மற்றவர்கள் என்ன செய்ய இருக்கிறார்கள் என்பது மூன்று. இந்த மூன்றாண்டுக்குள் நிறைவேறாமல் போகும் தேவைகள் எவை என்பது நான்கு.

எந்தக் கவுன்சிலின் திட்டம் கையில் கிடைத்தாலும் நான் முதலில் தேடிப் படிப்பது அந்த நான்காவதைத்தான். ஓர் அரசு அமைப்பு தன்னால் முடியாததைத் தானே எழுதி வெளியிட வேண்டும் என்று சட்டமே சொல்வது அபூர்வம். அந்தப் பகுதி இரண்டு வரியில் மழுப்பலாக முடிந்திருந்தால், தேவைகளைச் சரியாகக் கேட்டறியவில்லை என்றுதான் எடுத்துக்கொள்வேன். இன்ன ஊரில், இன்னாருக்கு, இன்ன காரணத்தால் வகுப்பு நடத்த இயலாது என்று பெயர் சொல்லி எழுதியிருந்தால், மற்ற பக்கங்களையும் நம்பிப் படிக்கலாம். மதிப்பீட்டின் முதல் அளவுகோல் அங்கேதான் இருக்கிறது. கீழே வரும் ஒவ்வொரு படியையும் இதை நினைவில் வைத்துப் படியுங்கள்.

படி 1: யாருக்கு என்ன தேவை என்று கண்டறிதல்

ஒழுங்குவிதிகள் இங்கே ஒரு வரிசையைத் தருகின்றன. யாரை இலக்காகக் கொள்கிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். அவர்களின் தேவை என்ன, அதில் எவ்வளவு ஏற்கெனவே நிறைவேறுகிறது, எது தடையாக நிற்கிறது என்று அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும்.

எண்கள் முதலில். ஸ்காட்லாந்தைச் சுமார் 500 முதல் 1,000 பேர் வசிக்கும் 6,976 சிறு வட்டாரங்களாகப் பிரித்து, வருமானம், வேலை, கல்வி, உடல்நலம், சேவைகளை எட்டும் வசதி, குற்றம், வீட்டுவசதி என்ற ஏழு கோணங்களில் எது எவ்வளவு பின்தங்கியது என்று வரிசைப்படுத்தும் எஸ்.ஐ.எம்.டி. குறியீடு 2020இல் வெளியானது. எல்லாக் கவுன்சிலும் முதலில் எடுப்பது இதைத்தான். ஆனால் இதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம். ஆர்க்னி, ஷெட்லாந்து, மேற்குத் தீவுகள் மூன்றிலும், மிகவும் பின்தங்கிய 20 சதவீதப் பட்டியலில் வரும் வட்டாரம் ஒன்றுகூட இல்லை. அங்கே வறுமை இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. அங்கே வறிய குடும்பங்கள் ஒரே தெருவில் திரண்டு வாழாமல், வசதியான வீடுகளுக்கு நடுவே சிதறிக் கிடக்கின்றன. வட்டாரச் சராசரி அவர்களை விழுங்கிவிடுகிறது.

அதனால் வேறு தரவுகளையும் பக்கத்தில் வைக்க வேண்டும். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆங்கிலத் திறன் பற்றித் தரும் விவரம், பள்ளிகளில் இலவச மதிய உணவு பெறும் பிள்ளைகளின் எண்ணிக்கை, வருகைப் பதிவு, வேலைவாய்ப்பு மையத்தின் விவரம் எல்லாம் பயன்படும். பெரியவர்களின் எழுத்தறிவுக்கு இன்றும் மேற்கோள் காட்டப்படுவது 2009இல் நடந்த கணக்கெடுப்பு: 26.7 சதவீதத்தினர் அவ்வப்போது தடுமாறக்கூடும் என்றும், 3.6 சதவீதத்தினர் கடுமையாகத் தடுமாறுகிறார்கள் என்றும் அது சொன்னது. ஒரு தலைமுறைப் பழைய எண் அது. உங்கள் ஊரின் நிலைமைக்குச் சான்றாக அதைக் காட்டாதீர்கள். தேசியப் பின்னணியாக ஒரு வரி எழுதலாம், அவ்வளவுதான்.

அடுத்தது மக்களிடம் கேட்பது. பலர் சறுக்கும் இடம் இதுதான். எழுத்தறிவுத் தேவை பற்றி இணையத்தில் ஒரு படிவத்தை ஏற்றிவிட்டு, 300 பேர் பதில் தந்தார்கள் என்று எழுதுவது கருத்துக்கேட்பு ஆகாது. யாருக்காகக் கேட்கிறோமோ அவர்களால் அந்தப் படிவத்தை நிரப்ப முடியாது என்பதுதானே பிரச்சினையே! உணவு வங்கி, நூலகத்தின் மழலையர் பாட்டு நேரம், மருத்துவரின் காத்திருப்பு அறை, பள்ளி வாசல் இங்கெல்லாம் போய் நின்று பேச வேண்டும். 2005இல் வந்து 2016இல் புதுப்பிக்கப்பட்ட ‘சமூக ஈடுபாட்டுக்கான தேசியத் தரநிலைகள்’ ஏழில், எல்லாரையும் உள்ளடக்குவது ஒன்று, பங்கெடுப்பதற்கான உதவியைச் செய்து தருவது இன்னொன்று. கூட்டத்துக்கு வரும் தாய்க்குப் பேருந்துக் கட்டணமும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளும், தேவையானால் மொழிபெயர்ப்பாளரும் தருவது அந்த உதவியில் சேரும்.

கேட்கும்போது தேவையின் உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்ப்பது முக்கியம். கிளாஸ்கோவில் தஞ்சம் கோரி வந்து குடியமர்ந்தவர்களில் இலங்கைத் தமிழர்களும் உண்டு. ‘பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தர முடியவில்லை’ என்று ஒரு தமிழ்த் தாய் சொன்னால், அவருக்குக் கணக்கு வகுப்பு தேவை என்று குறித்துக்கொள்வது எளிது. அவர் ஊரில் உயர்தரம் வரை கணிதம் படித்தவராகவே இருக்கலாம். மனக்கணக்கைத் தமிழில் நொடியில் போட்டுவிடுவார். அவருக்கு வேண்டியது இங்கே பள்ளியில் கணக்கைச் சொல்லும் ஆங்கிலச் சொற்களும், ஆசிரியர் கற்பிக்கும் முறையும்தான். அதே வாக்கியத்தைச் சொல்லும் ஓர் உள்ளூர்த் தந்தைக்குப் பள்ளி நாளிலிருந்தே கணக்கென்றால் பயமாக இருக்கலாம். இருவரையும் ஒரே கட்டத்தில் எண்ணிப் போட்டால் இருவருக்கும் பொருந்தாத வகுப்புதான் உருவாகும்.

படி 2: யார் யார் என்ன செய்கிறார்கள் என்று ஒரே தாளில் வரைதல்

கவுன்சில் மட்டுமே கற்பிப்பதில்லை. கல்லூரிகள், நூலகங்கள், 1903இல் தொடங்கிய தொழிலாளர் கல்விச் சங்கம், வீட்டுவசதிச் சங்கங்கள், தேவாலயங்கள், மசூதிகள், சிறு தொண்டு அமைப்புகள் எல்லாம் களத்தில் இருக்கின்றன. பள்ளிகளுக்கும் தனிக் கையிருப்பு உண்டு. வறுமையால் வரும் கற்றல் இடைவெளியைக் குறைக்க 2017 முதல் அரசிடமிருந்து வரும் ‘பியூப்பில் ஈக்விட்டி ஃபண்ட்’ பணத்தை எப்படிச் செலவிடுவது என்பதைத் தலைமை ஆசிரியரே முடிவு செய்கிறார். குடும்பக் கற்றலுக்கு அந்தப் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கும் பள்ளிகள் பல.

எந்த நாள், எந்த நேரம், எந்த இடம், யாருக்கு, எந்த மட்டத்தில் வகுப்பு நடக்கிறது என்று ஒரு பெரிய அட்டவணை போட்டுவிடுங்கள். இரண்டு அமைப்புகள் ஒரே செவ்வாய்க்கிழமைக் காலையில் ஒரே மட்ட ஆங்கில வகுப்பை நடத்துவதும், மாலை நேர வகுப்பு ஊரில் எங்குமே இல்லாததும் அதில் சட்டென்று தெரிந்துவிடும். 2015ஆம் ஆண்டின் சமூக அதிகாரமளிப்புச் சட்டப்படி ஒவ்வொரு பகுதியிலும் காவல், சுகாதாரம், கவுன்சில் எல்லாம் சேர்ந்து ஒரு கூட்டுத் திட்டம் போட வேண்டும். சி.எல்.டி. திட்டம் அதோடு ஒட்டிப் போக வேண்டும். தனியாக நிற்கும் திட்டத்துக்குப் பணம் கேட்கும்போது ஆதரவுக்கு ஆள் வராது.

படி 3: என்ன மாற வேண்டும் என்று எழுதுதல்

‘12 குடும்பக் கற்றல் வகுப்புகள் நடத்துவோம்’ என்பது வேலைப் பட்டியல். அதை விளைவு என்று எழுதும் திட்டங்கள் இன்னும் வருகின்றன. ஸ்காட்லாந்தில் பரவலாகப் பயன்படும் லீப் என்ற திட்டமிடல் சட்டகம் கேள்விகளை நல்ல வரிசையில் வைக்கிறது: தேவை என்ன, என்ன மாற வேண்டும், மாறியதை எதை வைத்து அறிவோம், அதற்கு என்ன செய்வோம், செய்கிறோமா என்று எப்படிக் கவனிப்போம், கடைசியில் என்ன கற்றுக்கொண்டோம். ‘எதை வைத்து அறிவோம்’ என்பது ‘என்ன செய்வோம்’ என்பதற்கு முன்னால் நிற்பதைக் கவனியுங்கள். வகுப்பு முடிந்த பிறகு மதிப்பீட்டுப் படிவம் தேடி ஓடுகிறவர்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்குகிறவர்கள்.

ஒரு கற்பனை வகுப்பை எடுத்துக்கொள்வோம். ஒரு தொடக்கப் பள்ளியின் முதல் வகுப்புப் பெற்றோருக்கு எட்டு வாரக் கணக்கு வகுப்பு. விளைவை இப்படி எழுதலாம்: பெற்றோர் வீட்டில் பிள்ளையோடு வாரத்துக்குச் சில முறையாவது எண் விளையாட்டு ஆடுவார்கள், பள்ளி சொல்லித்தரும் கழித்தல் முறையைத் தாங்களே விளக்குவார்கள், பிள்ளையின் கணக்கைப் பற்றி ஆசிரியரிடம் தயங்காமல் கேள்வி கேட்பார்கள், அவர்களில் சிலர் தங்களுக்கென்று அடுத்த வகுப்பில் சேருவார்கள். நான்கையும் கண்ணால் பார்க்கலாம், காதால் கேட்கலாம். ‘தன்னம்பிக்கை பெறுவர்’ என்று மட்டும் எழுதினால், வகுப்பின் முடிவில் எதைக் காட்டுவீர்கள்?

இங்கே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குடும்பக் கற்றலில் எப்போதும் இரண்டு பேர் கற்கிறார்கள். பெரியவருக்கு ஒரு விளைவு, பிள்ளைக்கு ஒரு விளைவு, இருவரும் சேர்ந்திருக்கும் நேரத்துக்கு ஒரு விளைவு என்று மூன்றும் திட்டத்தில் இருக்க வேண்டும். பிள்ளையின் மதிப்பெண்ணை மட்டும் குறித்தால், தாயும் தந்தையும் பள்ளிக்கு இலவச உதவியாளர்களாகச் சுருங்கிவிடுவார்கள். பெரியவரின் சான்றிதழை மட்டும் குறித்தால் அது சாதாரண மாலை வகுப்பு. 2016இல் வெளியான குடும்பக் கற்றல் ஆய்வும், 2018இல் வந்த தேசியச் சட்டகமும் இரண்டு தலைமுறையையும் சேர்த்தே பார்க்கச் சொல்கின்றன.

படி 4: வகுப்பை அமைத்தல்

ஸ்காட்லாந்தில் பெரியவர்களின் எழுத்தறிவுப் பணிக்கு ஒரு பிடிவாதமான கொள்கை உண்டு: அவரவர் வாழ்க்கையில் எழுத்தும் எண்ணும் எங்கே தேவைப்படுகின்றனவோ அங்கிருந்துதான் பாடம் தொடங்க வேண்டும். எடின்பரோவின் கோர்கி டால்ரி பகுதியில் 1979இல் தொடங்கிய வளர்ந்தோர் கற்றல் திட்டம், பிரேசில் கல்வியாளர் பாவ்லோ ஃபிரேரேயின் சிந்தனையை அங்கே வேரூன்றச் செய்தது. அதற்கு முன்பே, 1975இன் அலெக்ஸாண்டர் அறிக்கை, வசதியானவர்கள் பொழுதுபோக்குக்குப் படிக்கும் மாலை வகுப்புகளைத் தாண்டி, கல்வி போய்ச் சேராதவர்களிடம் போகச் சொல்லியிருந்தது. இன்றைய வகுப்புகளில் ஒவ்வொருவருக்கும் தனிக் கற்றல் திட்டம் எழுதப்படுவது இந்த மரபிலிருந்து வந்த பழக்கம்.

நடைமுறையில்: பள்ளி மணி அடித்ததும் தொடங்கும் நேரம், நடந்து வரக்கூடிய இடம், கைக்குழந்தைக்குக் காப்பகம், தேநீர். இதில் காப்பகத்துக்கான பணத்தைத்தான் முதலில் வெட்டுவார்கள். வெட்டினால் கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள் ஒரே வாரத்தில் நின்றுவிடுவார்கள். தயவுசெய்து அதற்காகப் போராடுங்கள்.

படி 5: முதல் வாரத்திலேயே தொடக்க நிலையைக் குறித்தல்

எங்கிருந்து தொடங்கினார்கள் என்று தெரியாமல் எவ்வளவு தூரம் வந்தார்கள் என்று சொல்ல முடியாது. அதற்காக முதல் நாளே தேர்வுத்தாள் கொடுத்தால், பள்ளியில் காயப்பட்டவர்கள் இரண்டாம் வாரம் வரமாட்டார்கள். பேச்சாகவே கேட்கலாம். ‘போன வாரம் பிள்ளையோடு எண் சம்பந்தமாக ஏதாவது விளையாடினீர்களா?’, ‘வீட்டுப்பாடத்தாள் வந்தால் என்ன செய்வீர்கள்?’, ‘எது உங்களுக்கு வராது என்று நினைக்கிறீர்கள்?’ பதிலை அவர்கள் சொன்ன சொல்லிலேயே குறித்து வையுங்கள். எட்டாம் வாரம் அதே கேள்விகளைக் கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. ‘உங்கள் திறமைக்கு 10க்கு எத்தனை?’ என்ற கேள்வியைத் தனியாக நம்பாதீர்கள். முதல் வாரம் 7 போட்டவர், தனக்குத் தெரியாதது எவ்வளவு என்று புரிந்துகொண்ட பிறகு எட்டாம் வாரம் 6 போடுவார். எண் குறைந்திருக்கும், அறிவு கூடியிருக்கும். கடைசி வாரத்தில், ‘இப்போது தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அன்றைக்கு எத்தனை போட்டிருப்பீர்கள்?’ என்று கூடுதலாகக் கேட்டால் இந்தக் குழப்பம் தெளியும்.

எந்த விவரத்தை எதற்காக எடுக்கிறோம், யாரிடம் காட்டுவோம் என்று எளிய சொற்களில் விளக்கி ஒப்புதல் வாங்குவது தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மதிப்பதற்கு மட்டுமல்ல. தஞ்சம் கோரி முடிவுக்குக் காத்திருப்பவர், தன் பெயர் எழுதப்படும் ஒவ்வொரு தாளையும் அச்சத்தோடுதான் பார்ப்பார். அந்த அச்சத்தைப் போக்கும் கடமை நம்முடையது.

படி 6: சான்று சேர்த்தல்

மூன்று வகைச் சான்று வேண்டும். எண்கள்: எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், அவர்கள் எந்த வட்டாரத்தவர், அடுத்து எங்கே போனார்கள், ஏதேனும் சான்றிதழ் பெற்றார்களா. கற்பவரின் குரல்: அவரே சொன்னது, எழுதியது, செய்து காட்டியது. மூன்றாவதாக, பக்கத்திலிருந்து பார்த்தவரின் சாட்சி: வகுப்பாசிரியர், நூலகர், சுகாதாரப் பணியாளர். மூன்றும் ஒரே திசையைக் காட்டினால் உங்கள் கூற்று நிற்கும்.

ஒற்றை நபரின் உருக்கமான கதையை முன்பக்கத்தில் போட்டு, அதையே மதிப்பீடு என்று வைக்கும் அறிக்கைகளை நான் ஏற்பதில்லை. அந்தக் கதை உண்மையாகவே இருக்கும். ஆனால் வகுப்பில் இருந்த மற்ற 11 பேருக்கு என்ன ஆயிற்று என்று அது சொல்லாது. கதையைப் போடுங்கள், இது எத்தனை பேருக்குப் பொருந்தும் என்று அடுத்த வரியில் எழுதுங்கள்.

இடையில் நின்றவர்களைத் தொலைபேசியில் அழைத்துப் பேசுவது பல வகுப்புகளில் நடப்பதில்லை. கடைசி வாரம் வரை வந்தவர்களிடம் மட்டும் கருத்துக் கேட்டால் எல்லாரும் ‘அருமை’ என்றுதான் சொல்வார்கள். நின்றவர் ஏன் நின்றார் என்பதில்தான் அடுத்த திட்டத்துக்கான செய்தி இருக்கும். வேலை கிடைத்து நின்றாரா, பேருந்து நேரம் மாறியதாலா, வகுப்பில் யாரோ சிரித்ததாலா? முதலாவது வெற்றி, மற்ற இரண்டும் நாம் சரிசெய்ய வேண்டியவை. வருகைப் பதிவேட்டில் மூன்றும் ஒரே மாதிரித்தான் தெரியும்.

வகுப்பு முடிந்து சில மாதம் கழித்து இன்னொரு முறை பேசுங்கள். பழக்கம் நிலைத்ததா என்பது அப்போதுதான் தெரியும். பிள்ளையின் முன்னேற்றத்தில் உங்கள் வகுப்புக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டால் அடக்கமாகவே பதில் சொல்லுங்கள். பள்ளியும் வீடும் நண்பர்களும் சேர்ந்து வளர்க்கும் பிள்ளை அது. எட்டு வார வகுப்பு தன் பங்கைச் செய்தது என்று காட்ட முடியும். எல்லாம் எங்களால்தான் என்று சொன்னால், அனுபவமுள்ள ஆய்வாளர் அந்த இடத்திலேயே சந்தேகப்படத் தொடங்குவார்.

படி 7: குழுவாக உட்கார்ந்து தன்னையே மதிப்பிடுதல்

ஸ்காட்லாந்தின் கல்விப் பணிகள் எல்லாவற்றிலும் சுயமதிப்பீட்டுக்கு மூன்று கேள்விகள்தான் அடிப்படை: எப்படிச் செய்கிறோம், அது நமக்கு எப்படித் தெரியும், இனி என்ன செய்யப்போகிறோம். சி.எல்.டி.க்கென்று தனித் தரச் சட்டகமும் உண்டு. ‘மிகச் சிறப்பு’ தொடங்கி ‘திருப்தியற்றது’ வரை ஆறு படிநிலைகளில் அது பணியை நிறுத்துப் பார்க்கிறது.

இரண்டாவது கேள்விக்கு அதிக நேரம் கொடுங்கள். யாராவது ‘இது நன்றாகப் போகிறது’ என்றால், ‘எதை வைத்துச் சொல்கிறீர்கள்?’ என்று மரியாதையோடு கேட்கும் ஒருவர் மேசையில் இருக்க வேண்டும். கற்பவர்கள் இரண்டு பேராவது அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும். பங்காளி அமைப்புகளும் வர வேண்டும்; திட்டம் அவர்களுடையதும்தான். மூன்றாவது கேள்விக்கான பதிலில் யார், எப்போதுக்குள் என்ற இரண்டும் இல்லாவிட்டால் அது அடுத்த ஆண்டும் அப்படியே இருக்கும்.

படி 8: ஆய்வாளர்களும் கவுன்சிலர்களும்

எச்.எம்.ஐ. எனப்படும் கல்வி ஆய்வாளர்கள் கவுன்சிலையும் அதன் பங்காளிகளையும் சேர்த்தே பார்க்கிறார்கள். தலைமை எவ்வளவு திறமையாக முன்னேற்றத்தை வழிநடத்துகிறது, மக்களின் வாழ்வில் என்ன நல்ல தாக்கம் தெரிகிறது என்ற இரண்டையும் துருவிக் கேட்பார்கள். அவர்களுக்கென்று தனிக் கோப்பு தயாரிக்க வேண்டிய நிலை வந்தால், இதற்கு முந்தைய படிகளில் எதுவோ விடுபட்டிருக்கிறது என்று பொருள்.

கவுன்சிலர்களிடம் போகும் ஆண்டறிக்கை வேறு வகை. சி.எல்.டி.க்கென்று பூட்டி வைத்த நிதி கவுன்சில் பட்ஜெட்டில் கிடையாது. சட்டப்படி பள்ளிகளை நடத்தியாக வேண்டிய கவுன்சில், பணம் குறையும்போது முதலில் கை வைப்பது இதில்தான். 2024 ஜூலையில் வெளியான, கேட் ஸ்டில் தலைமையிலான சுயேச்சையான மறுஆய்வும் இந்தத் துறையின் நிதி நெருக்கடியையும், தரவுகள் சீராகச் சேகரிக்கப்படாததையும் பேசியது. அந்த இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று நினைக்கிறேன். காட்டுவதற்குச் சான்று இல்லாத வகுப்பை மூடுவது எளிது. எனவே அறிக்கை இரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும். ஒவ்வொரு கவுன்சிலருக்கும் அவருடைய வார்டில் எத்தனை பேர் கற்றார்கள், எத்தனை பேர் காத்திருப்புப் பட்டியலில் இருக்கிறார்கள் என்று பிரித்துக் காட்டுங்கள்.

அந்தக் காத்திருப்புப் பட்டியலை நான்காவது பகுதியோடு, அதாவது நிறைவேறாத தேவைகளோடு, ஆண்டுதோறும் ஒப்பிட்டுப் பாருங்கள். எது நீங்கியது, எது புதிதாகச் சேர்ந்தது, எது ஒன்பது ஆண்டாக மூன்று திட்டத்திலும் மாறாமல் நிற்கிறது என்று குறியுங்கள். மாறாமல் நிற்பதை கவுன்சில் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் தனியாக ஏற்றச் சொல்லிக் கேளுங்கள். குடிமக்களும் இதைக் கேட்கலாம். திட்டம் பொது ஆவணம், கவுன்சிலின் இணையதளத்தில் கிடைக்கும்.

அடுத்த மூன்றாண்டுத் திட்டம் 2027 செப்டம்பர் 1க்குள் வெளியாக வேண்டும். கவுன்சில் குழு அதை ஏற்பதற்குச் சில மாதம் பிடிக்கும், வரைவுக்குச் சில மாதம், மக்களிடம் நேரில் போய்க் கேட்பதற்கு அதைவிட அதிகம். பின்னோக்கி எண்ணிப் பார்த்தால், கேட்கும் பணி அதற்கு ஓராண்டு முன்பே, 2026 இலையுதிர்காலத்திலாவது தொடங்கியிருக்க வேண்டும். அந்தப் பருவ வகுப்புகளில் சேர்பவர்களிடம் முதல் வாரத்தில் கேட்கும் கேள்விகளையே கருத்துக்கேட்பின் முதல் தொகுதியாகவும் வைத்துக்கொள்ளலாம்.